பதுவையில் நூற்றுக்கு நூற்றாறு

என் மகள் கயல்விழி இரண்டு வருஷம் படித்த ஊருக்கு அவள் சொல்லும் பெயர் பாடோவா. பாபநாசத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி டீச்சர் அதைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"பதுவையா? அந்தோணியார் ஊருக்கா போறீங்க? இத்தன நாளா சொல்லவே இல்லையே நர்ஸம்மா!"

நீர்ப் பொறியியல் சொல்லித் தரும் ஊர் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்த இடம் அந்த நிமிஷமே புண்ணியத் தலமாகிவிட்டது. மறுநாள் டீச்சர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அதை அந்தோணியார் கல்லறையில் வைத்து எடுத்துவர வேண்டும். ஆக இத்தாலியில் எனக்கு ஒரு வேலை இருந்தது. என் கணவர் கலியபெருமாளுக்கு இருந்த ஒரே வேலை, மகள் பட்டம் வாங்குவதைக் கண்ணால் பார்ப்பது. அவர் அரசுப் பேருந்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கிராமச் சுகாதார நர்ஸ். இன்னும் ஒன்றரை வருஷம் சர்வீஸ் பாக்கி.

போய்ச் சேர்ந்து இரண்டு நாள் தூங்கியே கழித்தோம். மூன்றாம் நாள்தான் பட்டம். கயல் காலை ஏழு மணிக்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "மத்தியானம் ரெண்டரைக்கு யூனிவர்சிட்டி வாசலுக்கு வந்துடுங்க. அதுவரைக்கும் ஊரச் சுத்திப் பாருங்க, நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தாள். தமிழ் எழுத்தில் இத்தாலியன். கிராட்சியே என்றால் நன்றி. பெர்மெஸ்ஸோ என்றால் கொஞ்சம் வழி விடுங்கள். பாஸ்தா என்றால் போதும்.

"பாஸ்தான்னா போதும்னு அர்த்தமா? அப்ப அதப் போட்டுத் தட்டுத் தட்டா திங்குறாங்களே?" என்றார் அவர். சீட்டை நானும் இரண்டு முறை படித்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது.

தெருமுனைக் காபிக் கடையில் யாரும் உட்காரவில்லை. ஆணும் பெண்ணும் மேடையில் முழங்கையை ஊன்றி நின்று, ஒரே மடக்கில் குடித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். எங்களுக்கும் இரண்டு குட்டிக் கோப்பை வந்தது. எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்பூன் அளவு கறுப்புக் காபி. "டிகாக்ஷன் குடுத்துட்டான். பால் எப்ப வரும்?" என்று அவர் காத்திருந்தார். பால் வரவே இல்லை. அப்படியே குடித்தோம். குடித்த பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடை தானாகவே வேகமாகிவிட்டது.

அந்த ஊர் டிராம் ஒரு வினோதம். ரப்பர் டயர், பஸ் மாதிரியே உடம்பு, ஆனால் தரையில் பதித்த ஒற்றைத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஏறியதும் அவர் முகம் மாறிவிட்டது. "கண்டக்டர எங்க காணும்?" என்று முன்னும் பின்னும் பார்த்தார். கயல் வாங்கிக் கொடுத்திருந்த டிக்கெட்டைக் கையில் நீட்டியபடி, யாராவது வந்து கிழிப்பார்கள் என்று நின்றுகொண்டே வந்தார். யாரும் வரவில்லை. "ரெண்டு ஸ்டாப்பு போயிடுச்சு, இன்னும் ஒருத்தன் டிக்கெட்டு கேக்கல. இப்படி வண்டி ஓட்டுனா டிப்போ உருப்படுமா?" என்று அவருக்கு நிஜமாகவே கவலை.

மூன்றாவது நிறுத்தத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் ஏறினார். செக்கிங். எங்கள் டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பத்திலிருந்த மஞ்சள் பெட்டியைக் காட்டினார். அதில் செருகி முத்திரை வாங்கியிருக்க வேண்டுமாம். முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லையாம். நான் சீட்டைத் தேடினேன். அதில் இதற்கெல்லாம் வார்த்தை இல்லை. என் கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். எங்கள் ஊர் பஸ்ஸில் போக்குவரத்து ஆட்கள் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்கள், டிக்கெட் கேட்கமாட்டார்கள். அந்த வார்த்தையை அவர் பதுவையில் சொன்னார்.

"ஸ்டாஃப்."

சொன்னதோடு நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். காக்கிச் சட்டையும் அடர்ந்த மீசையுமாக இருபது வருஷத்துக்கு முந்தைய படம். நான் கீழே பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இடது கையால் டிக்கெட் கிழிப்பதுபோல் செய்து காட்டி, 'அந்த வேலையா?' என்று புருவத்தால் கேட்டார். இவர் பலமாகத் தலையாட்டினார். அவ்வளவுதான், அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வண்டியே திரும்பிப் பார்த்தது. "கொல்லேகா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கி, தானே போய் எங்கள் டிக்கெட்டுக்கு முத்திரை வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கொல்லேகா என்றால் ஒரே வேலை பார்ப்பவர் என்று அர்த்தமாம். இறங்கும் வரைக்கும் அவர் அந்தப் பெண்ணோடு சேர்ந்து, ஏறுகிற எல்லோரையும் மஞ்சள் பெட்டி பக்கம் கையைக் காட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அந்தோணியார் கோயில் வாசலில் வெண்கலக் குதிரைமேல் ஒரு தளபதி உட்கார்ந்திருந்தார். கோயிலுக்கோ ஏழெட்டுக் குவிமாடம். உள்ளே நுழைந்தால் குளிர்ச்சி. கூட்டம் வரிசையாகக் கல்லறையின் பின்பக்கம் போய், கல்லில் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடி நிற்கிறது. பக்கத்தில் படங்கள் ஒட்டியிருந்தார்கள்: நொறுங்கிய கார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிரிக்கும் குழந்தை, கல்யாண ஜோடி. வேளாங்கண்ணியில் பார்த்த முகங்களேதான், தோல் நிறம் மட்டும் வேறு. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரிய மனுஷர் கல்லில் நெற்றியை வைத்து அழுதார். பின்னால் நின்றவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. நான் டீச்சரின் கைக்குட்டையைக் கல்லில் வைத்து, அதன்மேல் என் கையை வைத்தேன். டீச்சருக்காக வேண்டிக்கொள்ள நினைத்தேன், கயலின் பெயர்தான் வந்தது. அந்தோணியார் இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு சந்நிதியில் அந்தோணியாருடைய நாக்கைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பேச்சில் வல்லவர், அதனால் நாக்கு மட்டும் அழியவில்லை என்பது நம்பிக்கை. என் கணவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "முப்பது வருஷம் 'முன்னால போங்க, முன்னால போங்க'ன்னு கத்துன நாக்கு இது. இத என்ன செய்வாங்களோ" என்று தன் வாயைத் தொட்டுக்கொண்டார்.

பசித்தது. ஊர் நடுவில் இரண்டு சந்தைகள், அவற்றுக்கு இடையில் எண்ணூறு வருஷத்துக் கட்டடம் ஒன்று. கீழ்த்தளம் முழுக்கக் கறிக்கடை, மீன்கடை, பாலாடைக்கட்டிக் கடை. சந்தையில் கத்தரிக்காயைக் கண்டதும் எனக்குக் கைபரபரத்தது. ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. எடுத்து அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரம்மா என் கையில் பட்டென்று ஒன்று போட்டுவிட்டு, "தொடக்கூடாது" என்று விரலை ஆட்டினார். கத்தரிக்காயை அமுக்காமல் எப்படி வாங்குவது? அந்த ஊர் எனக்குப் புரியாமல் போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கறிக்கடை ஒன்றில் சின்னச் சின்ன ரொட்டித் துண்டின்மேல், செம்மண் நிறத்தில் நார் நாராக ஏதோ கறியை வைத்து, எலுமிச்சை பிழிந்து, எண்ணெய் விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை, கறி கிடையாது. அவர் ஒன்று வாங்கித் தின்றார். கண்ணை மூடினார். "வசந்தா, உப்புக்கண்டம்! அப்படியே நம்ம உப்புக்கண்டம்!" இன்னொன்று. கடைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை, மூன்றாவதை அவரே நீட்டினார். இவர் வயிற்றைத் தடவி, "பாஸ்தா, பாஸ்தா" என்றார். கடைக்காரர் எதிர்வரிசையில் பாஸ்தா விற்கும் கடையைக் காட்டினார். இவர் பலமாகத் தலையை ஆட்டி, மறுபடியும் "பாஸ்தா!" கடைக்காரர் மேடையை விட்டு இறங்கி வந்து, தோளைப் பிடித்து இவரைப் பாஸ்தா கடை வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். கயல் பிறகுதான் சொன்னாள். இரண்டும் இரண்டு வார்த்தையாம். தமிழில் ஒரே 'பா'தானே இருக்கிறது, அவள் என்ன செய்வாள்.

திரும்பி வந்து மூன்றாவதையும் தின்ற பிறகுதான் அவருக்கு அது என்ன கறி என்று கேட்கத் தோன்றியது. கையால் கேட்டார். கடைக்காரர் ஆட்டுக்குக் கத்தவில்லை, மாட்டுக்கும் கத்தவில்லை. இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து, நின்ற இடத்திலேயே டொக்கு டொக்கு என்று ஓடிக் கனைத்துக் காட்டினார்.

"குதிரையா?"

அவர் விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கறி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்தப் பழைய கட்டடத்தின் மாடியில் ஒரு பெரிய மரக்குதிரை இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டேன். வரவே மாட்டேன் என்றுவிட்டார். "அது மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

வெயில் நம்மூர் ஆடி வெயிலுக்குக் குறைவில்லை. ஐஸ்கிரீம் கடையில் நான் பிஸ்தா வாங்கினேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததிலேயே நீலமாக இருந்ததைக் காட்டினார். குழந்தைகள் மட்டும் தின்பது போலிருக்கிறது. பரிமாறிய பெண் இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் கொடுத்தாள். ரெண்டே கால் மணிக்குப் பல்கலைக்கழக வாசலில் அவர் வாயைத் திறந்தபோது உதடு, பல், நாக்கு எல்லாம் சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி இருந்தது. "இப்ப என்ன பண்றது?" என்றார். "பேசாதீங்க" என்றேன். பேசவில்லை. அதனால்தான் அந்த மண்டபத்தில் எங்கள் குடும்பம் ரொம்ப மரியாதைப்பட்ட குடும்பமாகத் தெரிந்தது.

மண்டபத்துக்குப் போகும் வழியில், படிக்கட்டின் அடியில் ஒரு பெண்ணின் சிலை. உலகத்திலேயே டாக்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் என்று கயலின் தோழி ஜூலியா ஆங்கிலத்தில் சொன்னாள். ஜூலியா, ஒல்லியாக, சுருட்டை முடியோடு, பேசும்போது இரண்டு கையும் பறக்கும் பெண். அவளுக்குப் போன வருஷமே பட்டம் கிடைத்துவிட்டது. எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தவள் அவள்தான்.

கயல் எழுந்து போய்ப் பதினைந்து நிமிஷம் பேசினாள். வாய்க்கால், மதகு, தண்ணீர் எவ்வளவு வேகத்தில் எங்கே பிரிகிறது என்று திரையில் படம் படமாக வந்தது. ஐந்து பேராசிரியர்கள் கேள்வி கேட்டார்கள், அவள் தயங்காமல் பதில் சொன்னாள். எல்லோரையும் வெளியே அனுப்பி, திரும்பக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்தவர் எழுந்து நின்று நீளமாக ஏதோ வாசித்தார். அதில் 'தொத்தோரெஸ்ஸா கயல்விழி கலியபெருமாள்' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பட்டம் வாங்கிய பெண்ணை அங்கே அப்படித்தான் அழைப்பார்களாம். என் கணவர் தன் பெயரை அந்தக் கூரைக்குக் கீழே கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். யாரும் எழச் சொல்லவில்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"எவ்வளவு மார்க்கு?" என்றார் வாயை மூடியபடியே.

ஜூலியா நூற்றாறு என்று சொன்னாள்.

"நூத்துக்கு நூத்தாறா!" வாய் முழுக்கத் திறந்துவிட்டது. முன்வரிசைப் பேராசிரியர் அந்த நீலத்தைப் பார்த்துவிட்டார். இவருக்கு அதெல்லாம் கவலையில்லை. வராந்தாவுக்குப் போய் டிப்போ சிநேகிதர் ஒருவருக்குப் போன் போட்டு, "நூத்துக்கு நூத்தாறுய்யா! ஆமாய்யா, மேல ஆறு!" என்று கத்தினார். அங்கே மொத்த மார்க்கே நூற்றுப்பத்து என்று கயல் வந்து சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். "அத ஊர்ல சொல்ல வேணாம்."

அவள் தலையில் பச்சை இலைகளால் செய்த வளையம் ஒன்றை வைத்திருந்தார்கள். முகர்ந்து பார்த்தேன். நம்ம பிரிஞ்சி இலை வாசனை. "பிரியாணிக்குப் போடுறத தலையில வச்சிருக்காங்கடி" என்றேன். "மா, சும்மா இரும்மா" என்றாள். ஆனால் அவளும் சிரித்தாள். அந்த நிமிஷம் வரைக்கும் அன்றைய தினத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை வெளியே காத்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு எதிரே கயலின் நண்பர்கள் இருபது பேர் வட்டமாக நின்றார்கள். அவள் படியிறங்கியதும் பாய்ந்து பிடித்து, பட்டுப்புடவையின் மேலேயே பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டுவிட்டார்கள். பட்டம் வாங்கியவர்களை இப்படிக் கேலி செய்வது அந்த ஊர் வழக்கமாம். இடுப்பில் காற்றடைத்த மஞ்சள் வாத்து மிதவை. கண்ணில் முக்குளிப்பவர்களின் கண்ணாடி. சுவரில் ஒரு கதவளவு காகிதம் ஒட்டியிருந்தது. அதிலிருந்த வரிகளை அவள் சத்தமாக வாசிக்க வேண்டும், தடுக்கினால் ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். குடித்தது மாதுளம் ஜூஸ் என்றாள். இருபத்தேழு வருஷம் நர்ஸாக இருப்பவளுக்கு வாசனை தெரியாதா? நான் கேட்டுக்கொள்ளவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டி ஒரு பாட்டுப் பாடினார்கள். என்ன பாட்டு என்றேன் ஜூலியாவிடம். அவள் கைகள் முதல்முறையாகப் பறக்காமல் நின்றன. "அது... ஒரு மாதிரி வாழ்த்து ஆன்ட்டி" என்றாள்.

என் கணவர் பாட்டைக் கேட்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

அதில் கயலை வரைந்திருந்தார்கள். பெரிய கண்கள், தலையில் இலை வளையம். முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகிய புடவை. முழங்கால் அளவு சேற்றில் குனிந்து நின்றாள். கையில் நாற்று. முதுகில் ஒரு தவளை.

எங்கள் இரண்டு பேரின் பெற்றோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். பத்தாவது படிக்கும் வரை லீவு நாட்களில் நானும் நடவுக்குப் போயிருக்கிறேன். அவர் அந்தக் காலத்தைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார். கயலுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் நாற்றங்காலில் இறங்கி விளையாடிவிட்டுச் சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்தாள். டியூட்டி முடித்து வந்தவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அடிபம்புக்குத் தூக்கிக்கொண்டு போய், காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து, நகக்கண்ணில் இருந்த சேறு வரைக்கும் தேய்த்துக் கழுவினார். அரை மணி நேரம் ஆயிற்று. கயல் அதற்குப் பிறகு வயலில் கால் வைத்ததில்லை.

அவர் வட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். காகிதத்தின் மூலையைப் பிடித்து இழுத்தார். ஒரு துண்டு கிழிந்து கையோடு வந்தது. பாட்டு நின்றது.

"இதுக்கா அனுப்புனேன்?" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எதுலேர்ந்து வெளிய கொண்டாரணும்னு முப்பது வருஷம் வண்டியில நின்னேனோ, அதுலயே கொண்டுபோய் நிறுத்திட்டாங்களா? இவனுங்களுக்கு யாரு சொன்னது?"

கயல் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினாள். இடுப்பில் வாத்து.

"நான்தாம்பா சொன்னேன்."

"நீயா?"

"மொத வருஷம் வயலுக்குத் தண்ணி பாயுறதப் பத்தி எல்லாரையும் பேசச் சொன்னாங்க. எல்லாரும் புஸ்தகத்துலேர்ந்து பேசுனாங்க. நான் அம்மா நட்டதச் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் எங்கேர்ந்து வந்தீங்கன்னு சொன்னேன். அன்னிக்குத்தாம்பா இவங்க எல்லாரும் எனக்கு ஃப்ரெண்ட் ஆனாங்க. இந்தப் படத்த வரையச் சொன்னதே நான்தான்."

"எல்லாத்தயும் சொன்னியா?"

"எல்லாத்தயும்."

"நான் யார்ட்டயும் சொன்னதில்ல பாப்பா. டிப்போவுல ஒருத்தருக்குத் தெரியாது."

"நீ சொன்னதில்லன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா எனக்கு அதுல வெக்கம் இல்ல. உனக்கு ஏம்ப்பா?"

அவர் கிழிந்த துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எதிர்த்தூணுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். இருபது பேரும் அசையவில்லை. ஜூலியாவின் கண்ணில் நீர். யாரிடம் முதலில் போவது என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடமா, மகளிடமா? நடுவில் நின்று, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் படத்தையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுத்தியது: நட்ட வரிசை முழுக்க அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"என்னடி இது? இவ நட்ட நாத்துமேலயே நடந்து போறா?"

"என்னம்மா?"

"நடவுன்னா பின்னால போவணும்டி! முன்னால நடந்தா நட்டதயெல்லாம் மிதிச்சிட மாட்டா? பட்டம் குடுத்துட்டாங்களே, இதக்கூடவா பாக்கல?"

கயல் இத்தாலியனில் சொன்னாள். ஜூலியா வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு பொத்தியும் பயனில்லாமல் சிரித்தாள். பேனாவை என்னிடம் நீட்டி, திருத்தச் சொன்னாள். எனக்கு எங்கே வரையத் தெரியும்? பையைக் கீழே வைத்தேன். புடவையை ஏற்றிச் செருகினேன். தெருவில் பாவியிருந்த கற்களுக்கு நடுவே நேர்நேராகக் கோடு இருந்தது, வரிசை பிடிக்க அதைவிட என்ன வேண்டும்? குனிந்தேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு இடுப்பு என்ன சொல்லுமோ என்று நினைத்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. இடது கையில் இல்லாத நாற்று, வலது கை மூன்று விரலில் கிள்ளி, கல்லில் ஊன்றி, ஒரு அடி பின்னால்.

எனக்கு வலதுபக்கம் கயல் வந்து குனிந்தாள், வாத்தோடு. இடதுபக்கம் ஜூலியா. அன்றைக்கே பட்டம் வாங்கிய இன்னொரு பையன், அவன் தம்பி, அவன் அத்தை. எட்டுப் பேர், பத்துப் பேர். இலை வளையங்கள் கண்ணில் விழுந்தன, தூக்கி விட்டுக்கொண்டார்கள். ஒருத்தி பின்னால் வந்து சைக்கிளில் மோதி "ஸ்கூஸி" என்று மன்னிப்புக் கேட்டாள். நான் குலவை போட்டேன். நடவில் போடாமல் வேறு எங்கே போடுவது? சத்தம் கல்வளைவுகளில் பட்டுத் திரும்பி வந்தது. காபிக் கடையிலிருந்து ஆட்கள் கோப்பையோடு வெளியே வந்தார்கள். பெண்களுக்கு நாக்கை ஆட்டச் சொல்லிக் கொடுத்தேன். முதல் குலவை ஓநாய் ஊளையிட்டது போல இருந்தது. இரண்டாவது பரவாயில்லை.

அப்போது என் மகளுக்கு இடதுபக்கம், கை எட்டும் தூரத்தில், தொப்பென்று ஒரு பூங்கொத்து வந்து விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பட்டதாரிகளுக்கு வந்த பூங்கொத்துகளைச் சுவரோரம் குவித்து வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் அவர் நின்றார். சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தார். அடுத்ததை எடுத்தார். கையை ஒரு வீச்சு. ஜூலியாவுக்கு அருகில் விழுந்தது. அடுத்தது எனக்கு. வரப்பிலிருந்து நாற்றுக்கட்டு வீசுவதற்கு ஒரு நிதானம் வேண்டும். நடுகிறவள் தேடாமல் கையில் கிடைக்க வேண்டும், அவள் முகத்தில் சேறு தெறிக்கவும் கூடாது. ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்கு அவரைக் கட்டி வைத்தபோதே அவர் தோளில் கண்டக்டர் பை தொங்கியது. அவர் நாற்று வீசி நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, வரிசை கோணுது பாரு" என்றார். "கால எடுத்துப் பின்னால வை."

சாயங்காலம் ஏழு மணிக்கும் வெயில் அடித்தது. ஜூலியாவின் சித்தி நடத்தும் சாப்பாட்டுக் கடை முற்றத்தில் நீள மேசை போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். எங்களுக்கென்றே அரிசிச் சோறு, பச்சைப் பட்டாணியும் வெண்ணெயும் போட்டுக் கிண்டியது. இவர் ஒரு வாய் வைத்துவிட்டு என் காதில், "அரிசி வேகல வசந்தா. இன்னும் ரெண்டு கொதி விடணும்" என்றார். ஆனாலும் தட்டைக் காலி செய்தார்.

ஜூலியா அவரிடம் ஏதோ கேட்டாள். கயல் கொஞ்சம் தயங்கித்தான் அதைத் தமிழில் சொன்னாள். "பூவ அப்படி வீச யாருப்பா கத்துக்குடுத்தான்னு கேக்குறா."

அவர் தண்ணீர் குடித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். நீலம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அது வந்து... பதினேழு வயசு. மொத மொத நாத்துக்கட்ட என் கையில குடுத்தாங்க. வரப்புல பண்ணைக் காரியக்காரர் வெள்ளவேட்டி கட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் வீசுனேன் பாரு ஒரு வீசு. கட்டு போய் அவரு காலடியில தொப்புன்னு விழுந்து, சேறு அப்படியே இடுப்பு வரைக்கும். நடுற பொம்பளைங்க அத்தன பேரும் குனிஞ்ச தலைய நிமித்தல. சிரிப்ப அடக்குறாங்க, முதுகெல்லாம் குலுங்குது. நான் எடுத்தேன் ஓட்டம். மதகுக்கு அடியில போய்ப் பூந்துட்டேன். அந்தாளு வந்து, எவன்டா வீசுனவன்னு கத்துறாரு. ஒருத்தியும் சொல்லல. பொழுது சாயுற வரைக்கும் தண்ணியிலயே நின்னேன். நண்டு வேற கடிக்குது."

கயல் இத்தாலியனில் சொல்லச் சொல்ல மேசை முழுக்க அவர் பக்கம் சாய்ந்தது. வேட்டி வந்த இடத்தில் ஜூலியா மேசையைத் தட்டினாள், நண்டு வந்த இடத்தில் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்காத கதை அது.

அவர் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, மேசைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டார்.

"பாப்பா, இன்னொண்ணு இருக்கு. இத சரியா சொல்லணும், என்ன?"

கயல் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.